மூன்றாவது உறை

ரைஸ் குக்கரின் ஆவியில் பிடித்திருந்த உறை நான்காவது நிமிடத்தில் வாயைத் திறந்தது.

"திறந்துடுச்சு! நான் சொல்லல?" என்றாள் கேரன்மே. ஏதோ இதயத்தையே அறுத்துத் திறந்துவிட்ட பெருமை அவளுக்கு.

"மெதுவாடி! கிழிச்சிடாதே!" என்று மெல்ரோஸ் அலறினாள்.

கிழியவில்லை. ஆனால் உறையின் மடிப்புக்குக் குறுக்கே பேராசிரியர் போட்டிருந்த கையெழுத்து ஆவியில் கரைந்து, நீலக் கோடாக வழிந்து, சோற்றில் இரண்டு சொட்டு விழுந்தது. இந்த உறையை யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் அத்தாட்சி. இப்போது அது இன்று இரவுச் சாப்பாட்டில் கலந்திருந்தது.

மெல்ரோஸ் நோப்லேசாவுக்கு வயது இருபத்து மூன்று. மருத்துவக் கல்லூரிக்கு இது இரண்டாவது முறையாக விண்ணப்பிப்பது. போன வருடம் நுழைவுத்தேர்வில் கோட்டை விட்டாள். இந்த வருடம் தேர்வில் நல்ல மதிப்பெண். மிச்சம் இருந்தது மூன்று கடிதங்கள் மட்டுமே. பாடம் நடத்திய பேராசிரியர்கள் மூன்று பேர் அவளைப் பற்றி எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, மேலே குறுக்காகக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மாணவி அதைப் பார்க்கக் கூடாது. 'பார்க்க மாட்டேன், பார்க்கக் கேட்கவும் மாட்டேன்' என்று விண்ணப்பப் படிவத்தில் அவளே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அது நடந்து முழுசாக ஐந்து நாள்கூட ஆகவில்லை.

முதல் இரண்டு கடிதங்கள் சுலபமாகவே கிடைத்தன. உயிரியல் பிலித்தா மேடம், இலோய்லோவில் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் வழக்கப்படி, "எனக்கு ஏது நேரம் இண்டாய்? உன்னைப் பத்தி நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். மெல்ரோஸ் கூச்சத்தோடு, 'மெல்ரோஸ் பரவாயில்லாத மாணவி, வகுப்புக்குப் பெரும்பாலும் வருவாள்' என்று எழுதிக்கொண்டு போனாள். மேடம் படித்துவிட்டு, "யாரு இந்த அழுமூஞ்சி?" என்று கேட்டு, அதை அடித்துவிட்டு, 'என் இருபது வருட அனுபவத்தில் நான் கண்ட தலைசிறந்த மாணவி' என்று திருத்தினார். அந்த வருடம் மட்டும் மேடத்தின் இருபது வருட அனுபவத்தில் தலைசிறந்த மாணவர்கள் முப்பத்து நாலு பேர் இருந்தார்கள்.

இரண்டாவது கடிதம், நடனம் சொல்லிக் கொடுத்த போங் சாருடையது. மூங்கில் கழிகளுக்கு நடுவே ஆடும்போது அவள் ஒருமுறைகூடக் காலை நசுக்கிக்கொண்டதில்லை என்றும், அறுவைச் சிகிச்சைக்குத் தேவையான நிதானம் அதுவே என்றும் அவர் எழுதியிருந்ததாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவதுதான் வில்லங்கம். ஒரு கடிதம் வேதியியல் பேராசிரியரிடமிருந்து வந்தே ஆக வேண்டும் என்பது விதி. மெல்ரோஸுக்கு வேதியியல் நடத்திய ஒரே மனிதர் டாக்டர் எவரிஸ்தோ சால்செடோ. அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் தாழ்வாரத்தில் நிற்கிற நாயே எழுந்து நின்றுவிடும் என்பார்கள். ஆனால் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. இலோய்லோக்காரர்களுக்கே உரிய இழுவையில், தாலாட்டுப் பாடுவதுபோல, "இண்டாய், நீ வேற படிப்பு ஏதாவது படிக்கலாமே" என்பார். அவ்வளவுதான், மறுநாள் அந்தப் பெண் கணக்கியல் வகுப்பில் இருப்பாள்.

அப்படிப்பட்டவர் மெல்ரோஸ் கேட்டதும் மறுபேச்சில்லாமல், "சரி இண்டாய், செவ்வாய்க்கிழமை வா" என்றார். செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்த உறையோ, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்திருந்தது.

அதைத் தங்கும் விடுதிக்குக் கொண்டுவந்ததும் அறைத்தோழி கேரன்மே வாங்கி எடைபோட்டுப் பார்த்தாள். கேரன்மே செவிலியர் படிப்பு முடித்தவள். தனக்குத் தெரியாத விஷயங்களில்தான் அவளுக்கு நம்பிக்கை அதிகம்.

"போன வருஷம் ரிகோருக்கு சால்செடோ சார் குடுத்த உறை எவ்ளோ பருமன் தெரியுமா? மூணு பக்கமாவது இருக்கும். காலேஜ் பூரா விசிறிக்கிட்டே திரிஞ்சான்."

"அவனுக்குத்தான் சீட் கிடைக்கலையே?"

"அது அவன் இன்டர்வியூல உளறியிருப்பான். அவன் வாய் அப்படி. பேச்சை மாத்தாதே. இது என்ன, ஒரு தாள்கூட முழுசா இருக்காது போலிருக்கு. 'இவளைச் சேர்க்காதீங்க'ன்னு ஒரே வரி எழுதியிருந்தா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ரைஸ் குக்கர் வந்தது.

உறையிலிருந்து கேரன்மே தாளை உருவினாள். பாலாடை நிறத்தில் வழவழப்பான தடித்த தாள். ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் அனுப்புகிற தாளில்தான் சால்செடோ சார் எழுதுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாக மடித்திருந்த அதை மெல்ரோஸ் விரித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"என்னடி எழுதியிருக்காரு?"

"ஒண்ணும் எழுதல."

"ஒண்ணும் எழுதலன்னா?"

"ஒண்ணுமே எழுதல, கேரன்மே. வெள்ளைத்தாள்!"

விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். தாளுக்குள்ளே மூலையில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தாள் செய்தவர்கள் போட்ட அடையாளம். கொக்கு எதையும் சிபாரிசு செய்யவில்லை.

"அவரு கெமிஸ்ட்ரி வாத்தியார்டி!" என்று கேரன்மே திடீரென்று துள்ளினாள். "கலமான்சிச் சாறு தொட்டு எழுதியிருப்பாரு. சூடு காட்டினா எழுத்து வரும். ஸ்கூல்ல செய்யலையா?"

யோசித்துப் பார்த்தால் அறுபத்து மூன்று வயதுப் பேராசிரியர் எலுமிச்சைச் சாற்றில் சிபாரிசுக் கடிதம் எழுதுவது கொஞ்சம் அதிகப்படி என்று தெரிந்திருக்கும். யோசிக்கிற நிலையில் யார் இருந்தார்கள்? இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்துத் தேய்த்தார்கள். எழுத்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் சூட்டைக் கூட்டினார்கள். பழுப்பாக ஏதோ வந்தது. அது இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகத்தின் படம்.

அந்த நேரம் பார்த்து மியாகாவ் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"இண்டாய், டார்பாலின் பேனர் கட்டியாச்சு! சர்ச்சுக்கு எதிர்லயே! 'வருங்கால டாக்டர் மெல்ரோஸுக்கு வாழ்த்துகள்'னு. உன் படம் கொஞ்சம் சின்னதா வந்திருக்கு, மாமா படம்தான் பெருசு. அவருதானே வார்டு தலைவர், எலக்‌ஷன் வருதில்ல."

"அம்மா, நான் இன்னும் விண்ணப்பமே குடுக்கலம்மா!"

"அதான் குடுக்கப் போறியே? வெள்ளிக்கிழமைதானே கடைசி? ஃபாதர்கிட்டயும் சொல்லிட்டேன், ஞாயித்துக்கிழமை பூசையில உன் பேரை வாசிப்பாரு."

மெல்ரோஸ் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் சுருண்டாள். நிலைமை இதுதான். வெள்ளைத்தாளைக் கொடுத்தால் இடம் கிடைக்காது. 'வெள்ளைத்தாளை வைத்துவிட்டீர்கள் சார்' என்று சொல்லவும் முடியாது. சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார். அதுவும் தாலாட்டுப் பாடுகிற குரலில் கேட்பார்.

"மறதியா வெச்சிருப்பாரு, வயசாச்சில்ல," என்று கேரன்மே தேற்றினாள். "வேற உறை கேளு. மழையில நனைஞ்சிடுச்சுன்னு சொல்லு."

புதன்கிழமை காலை மெல்ரோஸ் அவர் அறைவாசலில் நின்றாள்.

"மழையா?" என்று சால்செடோ சார் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஏப்ரல் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "மூணு வாரமா ஒரு சொட்டு இல்லையே இண்டாய்."

"இங்க இல்ல சார். மியாகாவ்ல."

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு என்கிட்ட வாங்கினே. மியாகாவ் போயிட்டு வந்துட்டியா?"

"ஆமா சார். அம்மா பார்க்கணும்னாங்க. ஜீப்னியில ஜன்னலோரம் உக்காந்தேன் சார்."

"சரி, நனைஞ்சதைக் குடு. ரகசியக் கடிதம், கிழிச்சிடணும்."

இதை அவர்கள் யோசிக்கவில்லை. கேரன்மேயின் திட்டங்கள் எப்போதும் முக்கால்வாசியில் முடிந்துவிடும்.

"அதை... ஆத்துல போட்டுட்டேன் சார். ரகசியம்னுதான்."

அவர் "அதே கடிதம்தான், இன்னொரு நகல் வெச்சுத் தரேன்" என்று உள்ளே போய், புது உறையை ஒட்டிக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து தந்தார். மெல்ரோஸ் அதை வாங்கியதும் ஓடிப்போய்ப் பெண்கள் கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டாள். ஆவி, சாறு என்று பொறுமை காட்டும் நிலையில் அவள் இல்லை. நேராகக் கிழித்தாள்.

அவர் சொன்னது உண்மைதான். அச்சுப் பிசகாத நகல். அதே தாள், அதே மடிப்பு, அதே கொக்கு. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆக, மறதியில்லை. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். மெல்ரோஸுக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருடம் படித்தும் இவளைப் பற்றி எழுத ஒரு வார்த்தைகூட இல்லையா? இரண்டாம் வருடம் கண்ணாடிக் குடுவை ஒன்றை உடைத்தது ஞாபகம் வந்தது. அதை அன்றே அவரிடம் போய் ஒப்புக்கொண்டாளே! அப்போது நேர்மையாக இருந்ததற்கு இப்போது இதுதானா பலன்?

அன்று மதியமே மருத்துவக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். விண்ணப்பங்களை வாங்கும் ஜன்னலில் மனோங் டோடிங், அதாவது டோடிங் அண்ணன், உட்கார்ந்திருந்தார். வழுக்கை, தடித்த கண்ணாடி, மேசைமேல் பாதி சாப்பிட்ட மீன் கருவாடு. சேர்க்கைக் குழு பார்ப்பதற்கு முன்னால் உறைகளைப் பிரித்துக் காகிதங்களை அடுக்கி வைப்பது அவர் வேலை.

"மனோங், கெமிஸ்ட்ரி கடிதம் வேற காலேஜ் வாத்தியார்கிட்ட வாங்கினா ஒத்துக்குவீங்களா?"

"ஏம்மா, உங்க வாத்தியார் யாரு?"

"சால்செடோ சார்."

மனோங் டோடிங் கருவாட்டைக் கீழே வைத்தார். "அவரு தர மாட்டேன்னுட்டாரா?"

"தந்துட்டாரு."

"தந்துட்டாரா? அப்புறம் எதுக்கு இண்டாய் வேற ஆளைத் தேடறே? பேசாம அதைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கு. எங்க டீனுக்கு அவரு கடிதம்னா தனி மரியாதை. ரெண்டு பேரும் சின்ன வயசு சிநேகிதங்க."

"உள்ள என்ன இருந்தாலுமா மனோங்?"

"உள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லக் கூடாது. நீ கேக்கவும் கூடாது. ரகசியம்," என்று சொல்லிவிட்டு அவர் கருவாட்டுக்குத் திரும்பினார்.

நல்ல மனிதர், பாவம், விஷயம் தெரியாமல் பேசுகிறார் என்று மெல்ரோஸ் நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டியும், தன் சாதனைகள் எழுதிய இரண்டு பக்கப் பட்டியலுமாகச் சால்செடோ சார் முன்னால் மறுபடி நின்றாள். பட்டியல் கேரன்மே தயாரித்தது. ரத்த தானம் செய்தது, பூனைக்குக் கட்டுப் போட்டது, 2014-இல் திருவிழா அழகிப் போட்டியில் நான்காவதாக வந்தது எல்லாம் அதில் இருந்தன. நாலு பேர்தான் கலந்துகொண்டார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

"இது எதுக்கு இண்டாய்?"

"என்னைப் பத்தி எழுத உதவியா இருக்குமேன்னு சார். நகல் எடுக்கும்போது ஏதாவது விட்டுப் போயிருந்தா..."

"உன்னைப் பத்தி நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த உறைக்குள்ள இருக்கு," என்றார் அவர் மிருதுவாக. "நீ கவலைப்படாமக் கொண்டு போய்க் குடு."

பட்டியலைத் திருப்பித் தந்துவிட்டார். பிஸ்கோச்சோவை வைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதெல்லாம் உறைக்குள் இருக்கிறதாம்! உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்? இதைவிட நேராக ஒரு மனிதரால் அவமானப்படுத்த முடியுமா? மெல்ரோஸ் அன்று ஜீப்னியில் விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். வரும் வழியில் புனித கிளாராவுக்கு ஒரு டஜன் முட்டை காணிக்கை வைத்தாள். மழை வராமலிருக்க வைப்பார்கள். ஆனாலும் கிளாரா இதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

"எழுத வைக்கணும்," என்றாள் கேரன்மே, முழுத் திட்டத்தோடு. "எழுதாம தப்பிக்கவே முடியாத மாதிரி செய்யணும். மெடிக்கல் காலேஜ்ல புது விதி வந்திருக்குன்னு ஒரு படிவம் அடிப்போம். 'குறைந்தது மூன்று பக்கம்.' கேள்வி போடுவோம். 'மாணவியின் நிறைகள் யாவை? குறைகள் ஏதேனும் உண்டா?'"

"குறை எதுக்குடி?"

"குறையைக் கேக்கலன்னா நம்ப மாட்டாருடி! எந்த ஆபீஸ் குறையைக் கேக்காம விட்டுருக்கு?"

பேச்சில் நியாயம் இருந்தது. விடுதிக்குப் பக்கத்துக் கணினிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரரிடம் இருந்த தாள் மெலிசாக, பின்பக்கம் தெரிகிற மாதிரி இருந்தது.

"இதுல அடிச்சா ஏதோ கோழிக்கறிக் கடை நோட்டீஸ் மாதிரி இருக்கும்," என்று கேரன்மே முகம் சுளித்தாள். "உன் பையில நல்ல தாள் ஒண்ணு இருக்குமே? எழுதாத தாள்."

இருந்தது. கழிப்பறையில் கிழித்த உறைக்குள்ளிருந்து எடுத்த, சுத்தமான, பாலாடை நிறத் தாள். வீணாகத்தானே கிடக்கிறது? அதில் அச்சடித்ததும் படிவத்துக்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெல்ரோஸ் அதைச் சால்செடோ சார் மேசைமேல் வைத்தாள்.

"புது விதியா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷத்துல டீன் என்கிட்ட இப்படிக் கேட்டதே இல்லையே. இரு, ஒரு போன் பண்ணிக் கேக்கறேன்."

"டீன் மணிலா போயிருக்காரு சார்!" மெல்ரோஸின் குரல் ஒரு படி மேலே போய்க் கீச்சிட்டது. "விமானத்துல இருப்பாரு சார். போன் எடுக்க மாட்டாரு."

அவர் போனைக் கீழே வைத்தார். "முந்தாநாள் குடுத்த உறை? அதைத் திருப்பிக் குடு."

"நாய் தின்னுடுச்சு சார். விடுதி நாய்."

"ஓகோ."

படிவத்தைக் கையில் எடுத்தார். படித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாகத் தேய்த்தார். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூலையை வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் மெல்ரோஸ் புனித கிளாராவைக் கூப்பிட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"நல்ல தாள்," என்றார் அவர்.

"ஆமா சார்."

"எங்க வாங்கினாங்களாம்?"

"தெரியல சார். பெரிய காலேஜ் இல்லையா."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆசையாகச் செய்த சோதனை கடைசி நிமிடத்தில் குடுவையோடு உடைந்துவிட்ட மாதிரி ஒரு வருத்தம்தான் இருந்தது.

"இண்டாய், எழுதித்தான் ஆகணுமா? எழுதறதுன்னு உக்காந்தா நான் உண்மையைத்தான் எழுதுவேன்."

"அதான் சார் வேணும்! உண்மைதான் வேணும்!" மெல்ரோஸுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"சரி. வெளியில உக்காரு."

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் எழுதினார். பாதிக் கதவு திறந்திருந்ததால் பேனா ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் வாழ்க்கையில் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான். நடுநடுவே உள்ளிருந்து ஏதாவது கேட்பார்.

"மியாகாவ்ல மழை பெஞ்சது எந்தக் கிழமை?"

"செவ்வாய் சார்!"

கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்துல போட்டியே, எந்தப் பாலம்?"

"பாலம்... ஹாரோ பாலம் சார்!"

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "நாய் பேரென்ன?"

"பிளாக்கி சார்!"

"என்ன நிறம்?"

"வெள்ளை சார்!"

தன் வாழ்க்கையின் சின்னச் சின்ன விஷயங்களில்கூட ஒரு பேராசிரியருக்கு இவ்வளவு அக்கறையா என்று மெல்ரோஸ் உருகிப்போனாள். இப்படிப்பட்ட மனிதரையா தப்பாக நினைத்தோம்?

கடைசியில் அவர் உறையோடு வந்தார். பருமனாக, புடைத்துக்கொண்டு, கையில் வாங்கினாலே கனம் தெரிகிற உறை. குறுக்கே கையெழுத்து, அதன்மேல் இம்முறை பசை நாடாவும் ஒட்டியிருந்தார். கொடுக்காமல் ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார்.

"இதைக் கொண்டு போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஏதாவது சொல்லணுமா, இண்டாய்? எதுவா இருந்தாலும் சொல்லலாம். இப்பவும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல."

ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கழிப்பறை எல்லாம் மெல்ரோஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் கனமான உறை கண்ணெதிரே இருந்தது, டார்பாலின் கண்ணுக்குள் ஆடியது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

"ம்," என்று அவர் உறையைக் கொடுத்துவிட்டார்.

விடுதிக்கு வந்தபோது கேரன்மே குக்கரில் தண்ணீர் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள். "குடு, குடு! மூணு பக்கத்துல என்னதான் புகழ்ந்திருக்காருன்னு பார்த்துடுவோம்."

"தொடாதே!" மெல்ரோஸ் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதைப் பிரிக்க மாட்டேன். ரகசியக் கடிதம். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

கேரன்மே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னாச்சு உனக்கு?"

ஒன்றும் ஆகவில்லை. மெல்ரோஸுக்கு நேர்மை வந்துவிட்டது. வந்ததும் நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது.

மாலை நாலரை மணிக்கு, அலுவலகம் மூட அரை மணி நேரம் இருக்கும்போது, மனோங் டோடிங்கின் ஜன்னலுக்குள் விண்ணப்பத்தையும் மூன்று உறைகளையும் நீட்டினாள். முதல் நாள் போட்ட நல்ல சட்டையை மறுபடி துவைத்துப் போட்டிருந்தாள். அம்மாவுக்கு வழியிலேயே செய்தி அனுப்பிவிட்டாள்: 'கொடுத்தாச்சு.' அம்மா உடனே நாலு இதயமும் ஒரு சிலுவையும் அனுப்பியிருந்தாள்.

மனோங் டோடிங் பழக்கப்பட்ட கையோடு ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார். பிலித்தா மேடத்தின் உறை, 'டக்.' போங் சாரின் உறை, 'டக்.' மூன்றாவது உறை, 'டக்.' குத்திய பிறகுதான் அதைக் கையில் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"இது சால்செடோ சாரோடதா?"

"ஆமா மனோங்!"

அவர் உறையை மெல்ல அமுக்கினார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தாள்கள் சரசரத்தன.

"உள்ள எழுதியிருக்காரா என்ன?"

"மூணு பக்கம் மனோங்!" என்றாள் மெல்ரோஸ் முகமெல்லாம் பல்லாக. "ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் உக்காந்து எழுதினாரு. அதுவும் கைப்பட!"

மனோங் டோடிங் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார், அது காய்ந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக அவள் பக்கம் குனிந்தார்.

"சொல்லக் கூடாதுதான், ஆனா மனசு கேக்கல இண்டாய்... குறை சொல்ல ஒண்ணுமே இல்லாத பிள்ளைங்களுக்கு அவரு இருபத்திரண்டு வருஷமா அனுப்பறது வெறும் வெள்ளைத்தாள்தான், அதைப் பார்த்தா எங்க டீன் இன்டர்வியூகூட வெக்காம சேர்த்துக்குவாரு. அவரு பேனாவைத் திறந்து எழுதினது இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை, போன வருஷம், அந்த ரிகோர் பையனுக்கு."